ஆறுகால் கால்நடை

உலகத்தின் ஜனத்தொகை பெருகிக்கொண்டே போகிறது என்ற செய்தி, வருங்கால உணவுத் துறைக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே ஊழியர்கள் பலருக்கும் அரசல்புரசலாகத் தெரியும்தான். பேருந்தில் நிற்க இடம் கிடைக்காத போதெல்லாம் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். ஆனால் எழுத்து மூலமாக யாரும் தெரிவிக்காததால் துறை அதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது மேலிடத்திலிருந்து சுற்றறிக்கையே வந்துவிட்டது. 'பெருகிவரும் மக்கள்தொகைக்கு, பூமிக்குப் பாதகமின்றி, நீடித்து நிலைக்கும் வகையில் உணவளிப்பது எப்படி என்பதை வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்து தெரிவிக்கவும்' என்று அதில் கண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே வியாழக்கிழமையே கூட்டம் கூட்டி உலகத்தின் பசியைத் தீர்த்துவிடுவது என்று ஏற்பாடாயிற்று.

அந்தக் கூட்டத்தில் துணை இயக்குநர் ஒருவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் அவருக்கு 'ஆகட்டும்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழக்கத்தில் இருந்தது. மேலதிகாரி கோப்பைக் கேட்டால் 'ஆகட்டும்' என்பார். மனைவி குளியலறை பல்பை மாற்றச் சொன்னாலும் 'ஆகட்டும்' என்பார். மாற்றுவாரா என்பது வேறு விஷயம். எதிரே நிற்கிறவர் முகம் வாடக்கூடாது என்ற நல்லெண்ணத்திலேயே பாதி ஆயுளைச் சிக்கலாக்கிக்கொண்ட மனிதர் அவர்.

கூட்டத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்திருந்தார்கள். கால்சட்டை கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே மனம் மாறி நின்றுவிட்டிருந்தது. ஷூவுக்குள் காலுறை இல்லை. மூக்குக் கண்ணாடிக்குள் கண்ணாடியும் இல்லை; வெறும் சட்டம்தான். எதையெல்லாம் விட்டுவிடலாம் என்பதில் கைதேர்ந்தவர் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

"ஒரு மாடு எவ்வளவு தின்னுது, எவ்வளவு தண்ணி குடிக்குது, யோசிச்சுப் பாருங்க," என்றார் ஆலோசகர்.

எல்லோரும் யோசித்தார்கள். சிலருக்கு மாட்டின் மேல் கோபமே வந்தது.

"இப்ப சில்வண்டை எடுத்துக்கங்க. துளி இடம், துளித் தீனி, துளித் தண்ணி. ஆனா உடம்பு பூராவும் சத்து. வறுத்து, மாவாக்கி, பிஸ்கட் போட்டா வருங்காலம் நம்ம கையில."

இயக்குநர் அம்மாவுக்கு 'வருங்காலம்' என்ற சொல் துறையின் பெயர்ப்பலகையிலேயே இருந்ததால் மிகவும் பிடித்துப்போயிற்று. "நாமளே முன்மாதிரியா நம்ம கட்டடத்துல வளர்க்கலாம். யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க?" என்று கேட்டார்.

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கீழே ஏதோ விழுந்துவிட்டது. எல்லோரும் குனிந்து மேஜைக்கடியில் தேடினார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரர் ஆகட்டுமிடம், "சார், உங்க டீயை நீங்க குடிக்கலைன்னா நான் எடுத்துக்கவா?" என்று கிசுகிசுத்தார்.

"ஆகட்டும்," என்றார் ஆகட்டும்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் அது பதிவாகிவிட்டது. டீயும் போயிற்று.

*

சில்வண்டுகள் அடுத்த வாரமே பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. தரைத்தளத்தில், மக்கள் குறை மனுப் பிரிவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த அறையை அவற்றுக்கு ஒதுக்கினார்கள். இரண்டு அறைகளுக்கும் நடுவே மெல்லிய பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் மனுக்கள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன; இந்தப் பக்கம் சில்வண்டுகள் 'கிரீச் கிரீச்' என்று காதைத் துளைத்தன. தொலைபேசியில் பேசுகிறவர்கள், "அங்க என்ன சத்தம்?" என்று கேட்டால், "வேலை நடக்குது" என்று சொல்லும்படி உத்தரவாகியிருந்தது.

வாங்கிய அன்றைக்கே ஒரு சிறு சிக்கல் வந்தது. சில்வண்டுக்குத் தீனி வாங்கப் பணம் ஒதுக்க மறந்துவிட்டார்கள். ஆகட்டும் கால்நடைத் துறைக்கு எழுதினார். 'நான்கு கால்களுக்கு மேற்பட்டவை எமது வரம்புக்குள் வாரா' என்று பதில் வந்தது. வனவிலங்குத் துறைக்கு எழுதினார். 'அறைக்குள் வசிப்பவை வனவிலங்கு ஆகா' என்றார்கள். கடைசியில் வேளாண் துறைக்கு எழுதினார். அவர்கள் மட்டும் பதில் எழுதாமல் ஆளையே அனுப்பிவிட்டார்கள். முதுகில் மருந்து டப்பாவும் கையில் பீச்சுக்குழாயுமாக ஒருவர் வந்து நின்றார்.

"பூச்சின்னு எழுதியிருந்தீங்களாமே. எங்க இருக்கு?"

ஆகட்டும் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "ஐயா, இதுங்களைக் காப்பாத்தத்தான் எழுதினோம்."

"பூச்சிக்குன்னு எங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதான் சார். அடிக்காமப் போனா நான் வந்ததா கணக்கு வராது."

கணக்கு வரவேண்டுமென்பதற்காக அவரை வாசலில் இருந்த ரோஜாச்செடிக்கு அழைத்துப்போனார். ரோஜாச்செடி மறுநாள் பட்டுப்போயிற்று. அதன் பிறகு எல்லாக் கோப்புகளிலும் 'பூச்சி' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'ஆறுகால் கால்நடை' என்று எழுதவேண்டும் என்று இயக்குநர் அம்மா உத்தரவிட்டார். அந்தப் பெயரில் புதிதாகத் தீனிக்கு விண்ணப்பம் போயிற்று, போனது போனதுதான்.

தீனி வரும்வரை ஆறுகால் கால்நடைகள் என்ன செய்யும்? ஆகட்டுமுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியையும் காரட்டையும் பிய்த்துப் பெட்டிகளில் போட்டார். முதலில் பாதி, பிறகு முழுவதும். ஒரு நாள் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, சட்டை தொளதொளன்னு தொங்குதே. கட்டிக் கொடுக்கறதை நீங்கதான் சாப்பிடறீங்களா?"

"ஆபீஸ்ல பசியோட இருக்காங்கம்மா. பார்த்துட்டுச் சாப்பிட முடியல."

"யாரு?"

"புதுசா வந்தவங்க."

"நிறைய பேரா?"

ஆகட்டும் சற்று யோசித்தார். "ஒரு பதவி உயர்வுக்குப் போட்டி போடற அளவுக்கு இருக்காங்க."

"அடப்பாவமே," என்று மறுநாளிலிருந்து இன்னும் இரண்டு ரொட்டி சேர்த்து வைத்தாள் அந்த அம்மா.

*

மனுப் பிரிவுக்கு வாராவாரம் தவறாமல் வருகிறவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். பெரிய உருவம், பெரிய குரல். ஒலிப்பானை நம்பாமல் வண்டி ஓட்டியிருப்பார் போல. அவருடைய குறை சின்னது. அரசாங்க உணவு அட்டையில் அவருடைய வீட்டில் இரண்டு பேர் என்று போட்டிருந்தது.

"நிஜத்துல எத்தனை பேர்?" என்று கேட்டார், பக்கத்து அறைக்கு ரொட்டியோடு வந்த ஆகட்டும்.

"அட்டையில ரெண்டு பேர் சார். தட்டு வச்சா ஆறு பேர். மருமகனுக்கு வேலை போச்சு. மகளும் அவரும் பிள்ளைங்களோட எங்ககிட்டயே வந்துட்டாங்க. ரெண்டு பேர் மாவுல ஆறு பேர் எப்படி சார் சாப்பிடறது?"

"உங்க வீட்டு ஜனத்தொகை மூணு மடங்கு ஆயிருக்கே," என்றார் ஆகட்டும், துறை வழக்கப்படி.

"உலகத்துக்கே அப்படித்தான்னு உங்க வாசல்ல போர்டு வச்சிருக்கீங்களே சார். அதுல எங்க வீடும் ஒண்ணுன்னு வச்சுக்கங்க."

ஆகட்டுமுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. "ஆகட்டும், கவனிக்கிறேன்," என்று மனுவை வாங்கி, மறந்துவிடக் கூடாதே என்று தடுப்புப் பலகையோரமாகத் தனியே எடுத்து வைத்தார். உண்மையிலேயே கவனிக்கவேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் அந்த வாரம் முழுக்க ஆலோசகர் சில்வண்டுகளுக்கு மெல்லிய இசை போட்டுக் காட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்ததால், எந்த இசை என்று குழு அமைப்பதிலேயே நேரம் போய்விட்டது.

அடுத்த வாரம் ஓட்டுநர் வந்தார். "நம்ம மனு எந்த அளவுல இருக்கு சார்?"

இருவருமாக மனு அறைக்குள் போனார்கள். ஆகட்டும் விளக்கைப் போட்டார். போட்டதும், அணைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

தடுப்புப் பலகையின் அடியில் ஓட்டை விழுந்திருந்தது. கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த மனுக்குவியல் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. அதன் மேல் கொழுகொழுவென்று சில்வண்டுகள், கல்யாண வீட்டில் பந்தி முடிந்து சாய்ந்திருப்பவர்களைப் போல, மீசையை அசைத்துக்கொண்டு கிடந்தன. ஓட்டுநரின் மனு இருந்த இடத்தில் ஒரு குண்டூசி மட்டும் பளபளத்தது.

ஓட்டுநர் வெகுநேரம் அந்தக் குண்டூசியைப் பார்த்தார். "சார், இத்தனை வருஷத்துல என் மனுவைக் கடைசி வரி வரைக்கும் கவனிச்சது இதுங்கதான்," என்றார். பெரிய குரல் சின்னதாகிவிட்டிருந்தது. குண்டூசியை எடுத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போய்விட்டார்.

ஆகட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தார். வேலை போகும், ஓய்வூதியமும் போகும். எப்படியும் தெரியத்தான் போகிறது என்று நேரே இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆலோசகரும் அங்கே இருந்தார்.

இயக்குநர் அம்மாவின் முகம் வெளுத்தது. "எவ்வளவு மனு போச்சு?"

"ஏறக்குறைய எல்லாமேங்க."

"பழசுமா?"

"பழசைத்தான் முதல்ல சாப்பிட்டிருக்குங்க. காய்ஞ்சு மொறுமொறுன்னு இருந்திருக்கும்."

அம்மா எழுந்தார். ஜன்னல்வரை நடந்தார். திரும்பி வந்தார். "அப்ப நிலுவையில இருக்கறது?"

ஆகட்டும் தலையைக் குனிந்துகொண்டார். "நிலுவைன்னு பார்த்தா... எதுவும் இல்லைங்க."

இயக்குநர் அம்மா மெதுவாக உட்கார்ந்தார். கண்ணில் நீர் திரண்டிருந்தது. "எனக்கு முன்னாடி இருந்த எந்த இயக்குநராலயும் இது முடியல, தெரியுமா உங்களுக்கு?"

ஆலோசகர் துள்ளி எழுந்தார். "மேடம், இதுதான் முழுச் சுழற்சி! பசியோட இருக்கறவன் மனு எழுதறான். மனுவை சில்வண்டு தின்னுது. சில்வண்டை நாம பிஸ்கட் போடறோம். பிஸ்கட்டைப் பசியோட இருக்கறவனுக்கே கொடுக்கறோம். வெளியில இருந்து ஒரு துளித் தீனி வேண்டாம். குறையும் அவனுடையது, நிவாரணமும் அவனுடையது!"

"நடுவுல நம்ம வேலை என்னங்க?" என்று கேட்டார் ஆகட்டும்.

"மேற்பார்வை," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

*

அன்றிலிருந்து துறையின் மொழியே மாறிப்போயிற்று. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று யாரும் எழுதுவதில்லை. 'தங்கள் மனு முழுமையாகச் செரிக்கப்பட்டது என மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது' என்று அச்சடித்தார்கள். எழுதும் பக்கத்துக்கு ஒரு பிஸ்கட் என்று விகிதம் நிர்ணயமாயிற்று. இரு பக்கமும் எழுதினால் இரண்டு. ஓரத்தில் அதிகமாக இடம் விட்டு எழுதுவது உணவுப் பதுக்கலாகக் கருதப்படும்.

முதல் பிஸ்கட்டை ருசிபார்க்கும் கௌரவத்தை இயக்குநர் அம்மா ஆகட்டுமுக்கே விட்டுக்கொடுத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். மேஜை இழுப்பறையில் வெகுநாள் கிடந்த சாதாரண பிஸ்கட் மாதிரி இருந்தது. உத்தியோகத்தில் அவர் அதைவிட மோசமானதெல்லாம் தின்றிருக்கிறார்.

ஓட்டுநர் அந்த வாரமும் வந்தார். அவரிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினார்கள்.

"என்ன சார் இது?"

"உங்க மனுங்க," என்றார் ஆகட்டும் கூசிக்கொண்டே.

ஓட்டுநர் பொட்டலத்தை விட்டெறியப் போனார். அதற்குள் கூட வந்திருந்த பேத்தி பிரித்துத் தின்று முடித்துவிட்டது. தின்றுவிட்டு, "தாத்தா, இன்னொரு மனு," என்று கையை நீட்டியது. ஓட்டுநர் ஆகட்டுமைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பிறகு பேனாவைக் கேட்டார்.

மூன்று மாதத்தில் ஊரே எழுத ஆரம்பித்துவிட்டது. முன்பெல்லாம் 'தெருவிளக்கு எரியவில்லை' என்று ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தவர்கள், விளக்கு எரிந்த காலத்தில் அதன் அடியில் நடந்த நிச்சயதார்த்தத்திலிருந்து தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் குறையை இரவல் வாங்கி எழுதினவர்கள் உண்டு. ஓட்டுநர் அலுவலக வாசலில் ஒரு மேஜையைப் போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். கூலி, பத்து பிஸ்கட்டுக்கு இரண்டு. அவருடைய நடை வெகு சீக்கிரத்தில் பேர் வாங்கிவிட்டது. அவர் எழுதிய சாக்கடை மனுவைப் படித்த காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டானாம்.

வசதியானவர்கள் சும்மா இருப்பார்களா? கண்ணாடிக் கதவு போட்ட கடைத்தெருவில் ஆலோசகர் ஒரு கடை திறந்தார். அங்கே பிஸ்கட் குறைவாரியாகக் கிடைத்தது. நிலத்தகராறு லேசாகக் கசக்கும். ஆனால் நாக்கில் நெடுநேரம் நிற்கும் என்றார்கள். ஓய்வூதிய பாக்கி நன்றாக ஊறி, வாயில் வைத்தால் கரையும். மாமியார் கொடுமைக்கு முன்பதிவு வேண்டும். "நாங்க இப்ப மனு மட்டும்தான் சாப்பிடறோம், உடம்பு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா!" என்று விருந்துகளில் பேசிக்கொண்டார்கள். ஒரு குறையும் இல்லாத குடும்பங்கள் வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டன.

வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். துறைக்குப் பரிசு கிடைத்தது. ஆகட்டுமுக்குக் கழுத்தில் மாலை விழுந்தது. அவருக்கு மட்டும் அந்தக் குண்டூசி கண்ணுக்குள்ளேயே நின்றது.

*

பிறகு அந்த விபரீதம் நடந்தது. ஆற்றங்கரைப் பேட்டையிலிருந்து மனு வருவது திடீரென்று நின்றுவிட்டது. விசாரித்ததில், மின்வாரியத்துக்குப் புதிதாக வந்த இளம் பொறியாளர் ஒருவர், விவரம் தெரியாமல், அந்தப் பகுதி மின்தடையைச் சரிசெய்துவிட்டார் என்று தெரியவந்தது.

இயக்குநர் அம்மா மேஜையை ஓங்கிக் குத்தினார். "யார் அவருக்கு அதிகாரம் கொடுத்தது? ஒரு பேட்டையே மனு எழுதறதை நிறுத்தினா ஆறுகால் கால்நடை என்னத்தைத் தின்னும்? அதுங்க தின்னலைன்னா ஜனங்க என்னத்தைத் தின்னும்?"

"கரண்ட் வந்ததுல அவங்களுக்கு சந்தோஷமாங்க?" என்று கேட்டார் ஆகட்டும்.

"எதுல? இருட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. இப்ப வெளிச்சத்துல பட்டினி கிடக்கறாங்க!"

அன்று மாலையே ஆணை பிறந்தது. வருங்கால உணவுத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல், எந்தத் துறையும் பொதுமக்களின் எந்தக் குறையையும் தீர்க்கக்கூடாது. மீறினால் உணவுப் பாதுகாப்புக்கு ஊறு விளைவித்ததாகக் கருதப்படும். மற்ற துறைகள் இந்த ஆணையை வரவேற்றன. தாங்கள் பல்லாண்டுகளாக நாட்டுக்கு உணவளித்துவந்தது இப்போதாவது புரிந்ததே என்று சில அதிகாரிகள் நெகிழ்ந்துபோனார்கள்.

ஆகட்டும் அந்த ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். சாப்பிடப் பிடிக்கவில்லை. "என்னங்க, புதுசா வந்தவங்களுக்கு இன்னும் பசி தீரலையா?" என்று மனைவி கேட்டாள். ஆறு தட்டும் இரண்டு பேர் மாவும் நினைவில் ஓடிக்கொண்டிருந்தன. தன் வாழ்நாளில் ஒருமுறையாவது, 'ஆகட்டும்' என்று சொன்ன ஒன்று ஆகித்தான் பார்க்கட்டுமே என்று வீம்பு வந்துவிட்டது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஓட்டுநரின் மனு ஒன்றிலிருந்து அட்டை எண்ணையும் முகவரியையும் குறித்துக்கொண்டு, தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு, உணவு அட்டை அலுவலகத்துக்குப் போனார். மாட்டிக்கொண்டால் வேலை போவதோடு நிற்காது. வரிசையில் நின்றார். சாளரத்துக்குப் பின்னால் ஓர் இளம்பெண் கையை நீட்டினாள்.

"மனுவை வச்சுட்டு அந்தப் பக்கம் பிஸ்கட் வாங்கிக்கங்க."

"மனு இல்லம்மா. இந்த நம்பர் அட்டையில ரெண்டு பேர்னு இருக்கு. ஆறுன்னு மாத்தணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மாத்தணும்னா... மாத்தணும்னு மனு தரணுமா?"

"இல்லம்மா. மாத்தணும்."

"நிஜமாவே மாத்திடணுமா?"

"ஆமாம்மா."

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். யாரிடமாவது கேட்கலாமென்றால் எல்லோரும் பிஸ்கட் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கணினியில் இரண்டை அழித்துவிட்டு ஆறைத் தட்டினாள். இயந்திரம் 'டர்ர்' என்று ஒரு புது அட்டையைத் துப்பியது. அவ்வளவுதான். ஆகட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் ஆறு பேர். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று காலி. தன் கையால் ஒரு காரியம் நடந்தது என்று நம்பவே முடியவில்லை. வாசலுக்கு வந்ததும் அவரை அறியாமல் சீட்டியடித்தார்.

*

ஓட்டுநரின் தெருவுக்குள் நுழையும்போதே ஒரு கூச்சல். உடைந்த தண்ணீர்க் குழாயைச் சுற்றித் தெருவாசிகள் கைகோத்து நின்றார்கள். நடுவே குழாய் ரிப்பேர்க்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தார். "நான் குழாயைத் தொடலைங்க, வழி தப்பி வந்துட்டேன்!" "அப்ப கையில எதுக்கு ஸ்பானர்?" என்று அதட்டினாள் ஓர் அம்மாள். "இந்த ஒழுகல்ல எட்டுக் குடும்பம் சாப்பிடுது, தெரியுமில்ல?" ஆகட்டும் தொப்பியை இன்னும் இறக்கிக்கொண்டு நடந்தார்.

ஓட்டுநரின் வீட்டுக்கூடத்தில் நீள மேஜை. மகளும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்து நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் கன்னம் உப்பியிருந்தன. மனைவி பிஸ்கட்டைக் குறைவாரியாகப் பிரித்து டின்னில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார், வாங்க!" என்றார் ஓட்டுநர். குரல் பழையபடி பெருத்திருந்தது.

ஆகட்டும் அட்டையை மேஜைமேல் வைத்தார். ஓட்டுநர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கூடத்தில் பேனாக்கள் நின்றன. முதலில் அலறியது மனைவிதான்.

"ஐயையோ! இதை யாராவது பார்த்தாங்களா?"

"இல்லம்மா, யாரும் பார்க்கல. இனிமே உங்களுக்கு ஆறு பேர் மாவு..."

"மாவா?" என்றாள் மகள். "அதை யாரு உட்கார்ந்து பிசையறது?"

ஓட்டுநர் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். "சார், நீங்க நல்ல மனுஷன். உங்களைக் குறை சொல்லல. ஆனா இந்த ஒரு குறையை வச்சுத்தான் நான் தொழிலுக்கே வந்தேன். 'தட்டு ஆறு, அட்டை ரெண்டு'ன்னு ஆரம்பிச்சா படிக்கறவங்களுக்குத் தொண்டை அடைக்கும். நாப்பது பக்கம் போகும். இதைத் தீர்த்துட்டீங்கன்னா நாளைக்கு நான் எதை வச்சு எழுதறது? தெருவிளக்கு பத்தி எவன் வேணும்னாலும் எழுதுவான்."

"நான் வேலையைப் பணயம் வச்சு வாங்கிட்டு வந்தேங்க," என்றார் ஆகட்டும். சொல்லும்போது குரல் உடைந்தது.

ஓட்டுநர் சட்டென்று நிமிர்ந்தார். அவருடைய கண்ணில் தொழில்காரரின் வெளிச்சம் வந்தது. மருமகனைப் பார்த்துத் தலையசைத்தார். மருமகன் புதுத்தாளை எடுத்தான்.

"மனசுல நிறைய வச்சிருக்கீங்க சார். மெதுவா சொல்லுங்க. முதல்ல இருந்து சொல்லுங்க."

ஆகட்டும் தயங்கினார். பிறகு அந்தக் கூட்டத்தில் பறிபோன டீயிலிருந்து ஆரம்பித்தார். ரொட்டியைச் சொன்னார். ரோஜாச்செடியைச் சொன்னார். தனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து தனக்கு மேலே போனவர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல ஊற்றுமாதிரி வந்தது. சின்ன வயதில் தம்பிக்குப் போன மிதிவண்டிவரை போய்விட்டார். குழாயைக் காவல் காத்தவர்கள்கூட வந்து ஜன்னலில் நின்று கேட்டார்கள். "அடேயப்பா, சாருக்கு எவ்வளவு இருக்கு பாரு!" என்று ஒரு பெரியவர் பொறாமைப்பட்டார். இத்தனை பேர் தன்னை இவ்வளவு மரியாதையாகப் பார்த்து ஆகட்டும் கண்டதில்லை. ஓட்டுநரின் மனைவி ஒரு தட்டு நிறைய பிஸ்கட்டை அவர் முன்னால் வைத்தாள். பேசிக்கொண்டே தின்றார்.

"மாமா, தாள் தீர்ந்துபோச்சு," என்றான் மருமகன்.

எல்லோரும் மேஜைமேல் தேடினார்கள். ஆகட்டுமுக்கோ வேகம் தடைப்பட்டதில் எரிச்சல். முக்கியமான கட்டம் இனிமேல்தான் வரவிருந்தது. சட்டென்று கையை நீட்டி அந்தப் புது உணவு அட்டையை எடுத்தார். ஆறு பேர் என்று போட்டிருந்த பக்கத்தைக் கவிழ்த்து, மருமகன் முன்னால் தள்ளினார்.

"பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. இதுல எழுதுங்க. அட்டைன்னா அதுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."